பால்வாடிக்குப் போகும் முன்

மதுரை காளவாசலில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. தேனி சாலையும் பைபாஸ் ரோடும் சந்திக்கும் இடம். மேலே பாலம் வந்துவிட்டாலும் கீழே ஷேர் ஆட்டோக்களும் ஆரப்பாளையம் போகும் பேருந்துகளும் ஹாரனில் வைத்த கையை எடுப்பதில்லை. இந்த இரைச்சலுக்குள் பிறந்து வளரும் குழந்தையைப் பால்வாடியில் சேர்க்க வரும் அம்மாவிடம், “பையனுக்குக் காது நல்லாக் கேக்குதாம்மா?” என்று கேட்டால் பதில் யோசிக்காமல் வந்துவிடும். “அதெல்லாம் நல்லாக் கேக்கும் டீச்சர். பஸ் ஹாரன் அடிச்சாப் போதும், வாசலுக்கு ஓடிருவான். பேச்சுதான் கொஞ்சம் லேட்டு. அவங்கப்பாவும் மூணு வயசுக்கு மேலதான் பேசுனாராம்.”

அந்த அம்மா சொல்வதில் பொய் ஏதுமில்லை. ஹாரனுக்கு அவன் திரும்புகிறான். ஆனால் ஹாரன் கேட்பதும் பேச்சு கேட்பதும் ஒன்றல்ல. பேருந்து ஹாரன் பலத்த ஒலி. அதன் வலுவில் நல்ல பங்கு தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளின் வலுவும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான். சொல்லுக்குச் சொல் வேறுபாட்டைக் காட்டும் மெய்யொலிகள் அப்படியல்ல. நாம் சாதாரணமாக உச்சரிக்கும் ‘பசி’யில் உள்ள அந்தச் சீறலொலி 4,000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கிறது, சன்னமானதும்கூட. மேல் அதிர்வெண்களில் மட்டும் செவித்திறன் குறைந்த குழந்தைக்குப் பசி, பதி, படி எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் காதில் விழும். கூப்பிட்டால் வருவான், கதவு தட்டினால் எட்டிப் பார்ப்பான், பாட்டுக்கு ஆடுவான். பேச்சு மட்டும் தெளிவாக வராது. வீட்டில் எல்லாரும் அதற்கு ஒரு காரணம் வைத்திருப்பார்கள்: செல்லம் அதிகம், செல்போன் அதிகம், அப்பன் வழி.

அந்தப் பையனுக்கு எது குறைகிறது என்று அவனால் சொல்லவும் முடியாது. அவனுக்குத் தெரிந்த உலகமே அதுதான். நேற்றுவரை கேட்டது இன்று கேட்காவிட்டால் பெரியவர்கள் டாக்டரிடம் போவோம். பிறந்ததிலிருந்தே அரைகுறையாகக் கேட்பவனுக்கு ஒப்பிட்டுப் பார்க்க நேற்று என்று ஒன்று இல்லை. மூன்று வயதுக் குழந்தைகளை நாமாகத் தேடிப்போய்ப் பரிசோதிப்பதற்கான முதல் காரணம் இது. நோயாளி வந்து முறையிடுவான் என்று மருத்துவம் காத்திருக்கிறது. இந்த வயதில் முறையிட ஆளில்லை.

செவிக்குறைவில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று பிறவியிலேயே உட்செவியில் வருவது. நம் பக்கத்தில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை. தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்று நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிப்பது தமிழ்நாட்டில் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் சொந்தத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். பெற்றோர் இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே மரபணுக் குறை பிள்ளையில் சேர்ந்து வெளிப்படும் வாய்ப்பு இதனால் கூடுகிறது. பிறவிச் செவிக்குறைவில் ஒரு பங்கு இப்படி வருவதுதான். இன்னொரு வகை, செவிப்பறைக்குப் பின்னால் பிசுபிசுப்பான நீர் தேங்குவது. சளி பிடிக்கும்போது வரக்கூடும், பெரும்பாலும் வலிக்காது, காதிலிருந்து எதுவும் ஒழுகாது. தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழல் சின்னக் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால் நீர் வடியாமல் நிற்கிறது. பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானே சரியாகிவிடும். சரியாகாமல் மாதக்கணக்கில் நீடித்தால், பேச்சு ஊறிச் சேரவேண்டிய நாட்கள் அத்தனையும் பஞ்சடைத்த காதோடு கழியும்.

பிறவிச் செவிட்டுக்கு இன்று, உட்செவியில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதைச் செய்கிறார்கள். ஏன் இப்படியொரு வயது வரம்பு? கருவியைப் பத்து வயதிலும் பொருத்தலாம். மின்துடிப்பு நரம்புக்குப் போகும். ஆனால் அந்தத் துடிப்பைப் பேச்சாகப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதி அதுவரை சும்மா இருப்பதில்லை. அமெரிக்காவில் அனு சர்மா என்ற ஆய்வாளர் இம்பிளான்ட் பொருத்திய குழந்தைகளின் மூளை அலைகளை அளந்து பார்த்தார். ஏறத்தாழ மூன்றரை வயதுக்குள் பொருத்தியவர்களுக்கு மூளையின் பதில் மற்றக் குழந்தைகளின் அளவுக்கு வந்து சேர்ந்தது. ஏழு வயதுக்குப் பிறகு பொருத்தியவர்களில் பெரும்பாலோருக்கு வந்து சேரவில்லை. காப்பீட்டுத் திட்டத்தின் வரம்புக்குப் பின்னால் இந்த உயிரியல் இருக்கிறது. பால்வாடிச் சேர்க்கையின்போது கண்டுபிடித்தால் இன்னும் நேரமிருக்கிறது. ஒன்றாம் வகுப்பு டீச்சர் கவனித்துச் சொல்லும்போது கதவு பாதி சாத்தியாயிற்று.

கண்ணின் கதை இதைவிட வியப்பானது.

1960களில் ஹார்வர்டில் டேவிட் ஹூபல், டோர்ஸ்டன் வீசல் என்ற இருவர் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மட்டும் சில வாரம் மூடித் தைத்து வைத்தார்கள். பிறகு திறந்தபோது அந்தக் கண்ணில் எந்தப் பழுதும் இல்லை. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தன. வளர்ந்த பூனைக்கு அதையே செய்தால் ஒன்றும் ஆகவில்லை. பாசன வாய்க்காலில் ஒரு வயலின் மடை அடைபட்டால் அதன் பங்குத் தண்ணீரும் பக்கத்து வயலுக்குப் போய்விடுகிறதே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. ஒரு கண்ணிலிருந்து தெளிவான சேதி வராவிட்டால் அதற்குரிய மூளை இடத்தை மற்றக் கண் எடுத்துக்கொள்கிறது. இருவருக்கும் 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் பிள்ளைகளுக்கு யாரும் கண்ணைத் தைப்பதில்லை. ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகம் இருந்தால் போதும். அல்லது மாறுகண். மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிடும் வீடுகள் நம் ஊரில் இன்னும் இருக்கின்றன. எனக்கு மிகுந்த வருத்தம் தரும் நம்பிக்கை இது. இரண்டு கண்ணும் இரண்டு திசையில் பார்த்தால் மூளைக்கு இரண்டு படம் வரும். குழப்பத்தைத் தவிர்க்க அது ஒன்றை ஒதுக்கிவிடும். ஒதுக்கப்பட்ட கண் மெல்ல மங்கும். இதைச் சோம்பல் கண் என்கிறார்கள். பவர் வித்தியாசத்தால் வரும் சோம்பல் கண்ணில் மாறுகண்ணின் அறிகுறிகூட இருக்காது. பிள்ளை ஓடும், விளையாடும், கீழே கிடக்கும் குண்டூசியைப் பொறுக்கும். எல்லாம் ஒற்றைக் கண்ணால்.

இதைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. அம்மாவின் மடியில் உட்காரவைத்து, பொம்மை ஒன்றைக் காட்டி, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுவார்கள். குழந்தை கண்டுகொள்ளாது. அடுத்த கண்ணை மூடுவார்கள். சில குழந்தைகள் அப்போது கையைத் தட்டிவிடும், தலையைத் திருப்பும், வீறிட்டு அழும். நல்ல கண்ணை மூடியதும் உலகமே மங்கிப்போனதன் அழுகை அது. கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் அட்டை. எழுத்து தெரியாதவர்களுக்கென்று பின்லாந்தின் கண் மருத்துவர் லியா ஹைவாரினென் 1970களில் உருவாக்கிய அட்டையில் ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம் என நான்கே உருவங்கள். பார்வை எட்டாத தூரத்தில் நான்கும் ஒரேபோல வட்டமாகத் தெரியும்படி அவற்றை வரைந்திருக்கிறார்; எனவே ஊகித்துச் சொல்லித் தப்ப முடியாது. பெயர் சொல்ல வெட்கப்படும் பிள்ளை, கையிலுள்ள அட்டையில் அதே படத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். சிகிச்சை கண்ணாடியில் தொடங்குகிறது. அது போதாவிட்டால் நல்ல கண்ணின் மேல் ஒட்டுத்துணி. மங்கிய கண்ணை வேலை வாங்குவதுதான் நோக்கம். மூன்று வயதிலிருந்து ஏழுக்குள் தொடங்கினால் பலன் நன்றாக இருக்கும், பிறகு குறைந்துகொண்டே போகும்.

கண் விஷயத்தில் மதுரைக்காரர்களுக்கு இன்னொரு நினைவும் உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, அதற்கு முன் அரசு எர்ஸ்கின் மருத்துவமனையில், இன்றைய ராஜாஜி மருத்துவமனையில், வேலை பார்த்த காலத்தில் வைட்டமின் ஏ குறைவால் கண்ணிழக்கும் குழந்தைகளை நிறையப் பார்த்தவர். “பொழுது சாஞ்சா புள்ள தடுமாறுதா?” என்பது அன்றைய முதல் கேள்வி, மாலைக்கண்தான் ஆரம்ப அறிகுறி. பின்னாளில் அரவிந்த் குழந்தைகள் மருத்துவமனையின் லலிதா ரஹ்மத்துல்லாவும் சகாக்களும் திருச்சி வட்டாரத்தில் 15,419 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 1990இல் வெளிவந்தது. வாரந்தோறும் சிறிய அளவு வைட்டமின் ஏ பெற்றவர்களிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. கண்ணுக்கென்று கொடுத்தது உயிரையும் காத்தது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐந்து வயதுவரை எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தத் திரவம் தரப்படுகிறது. யாருக்குக் குறை என்று தேடுவதைவிட எல்லாருக்கும் கொடுப்பது எளிது, மலிவு. ஆக, எல்லாவற்றையும் சோதிப்பது அறிவியல் அல்ல. ஒருவருக்கு வேண்டியது இன்னொருவருக்கு வேண்டாதபோதுதான் ஆளைத் தேடவேண்டியிருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கண்ணாடி மாட்ட முடியாது.

ஏன் சரியாக இந்த வயது? தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். பிறந்த அன்று ஊசி, ஒன்றரை மாதத்தில், இரண்டரையில், மூன்றரையில், ஒன்பதில், பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள். அடுத்த ஊசி 5 முதல் 6 வயதில். நடுவே ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள் ஆரோக்கியமாகத் தெரியும் குழந்தையை ஊசிக்கென்று நர்ஸ் கையில் கொடுக்க வேண்டியதில்லை. பேச்சு, பார்வை, பிறரோடு பழகுவது எல்லாம் வேர்பிடிக்கும் ஆண்டுகள் அவைதாம். அந்த இடைவெளியின் நடுவில் வருகிறது பால்வாடி. வீட்டு ஆட்கள் அல்லாத ஒருவர், பத்திருபது குழந்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் முதல் இடம் அது.

இந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் 2013இல் ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய கார்யக்ரம் தொடங்கியது. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் அடங்கிய குழு வண்டியில் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரவேண்டும். பிறவிக் குறைகள், சத்துக்குறைவு, நோய்கள், வளர்ச்சித் தாமதம் என நான்கு வகையில் முப்பது பிரச்சினைகளைத் தேடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டத்துக்கு ஒன்றாக உள்ள ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புகிறார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் ஒரு ஓட்டை உண்டு. இந்த வண்டி அங்கன்வாடிக்கும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும்தான் போகும். எஸ்.எஸ்.காலனியிலோ பொன்மேனியிலோ பணம் கட்டி ப்ரீ-கேஜி சேர்க்கும் வீட்டுப் பிள்ளையைப் பார்க்க யாரும் வருவதில்லை. அந்தப் பெற்றோர் தாமாகத்தான் கூட்டிப்போக வேண்டும். தனியார் பள்ளிகள் சேர்க்கைப் படிவத்தோடு கண், காது பரிசோதனைச் சீட்டையும் கேட்டால் என்ன என்பது என் ஆதங்கம்.

எடை பார்ப்பதற்கு வருவோம். இதில் மதுரை மாவட்டத்துக்குப் பழைய அனுபவம் இருக்கிறது. உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் முதன்முதலில் தொடங்கியது கொட்டாம்பட்டி வட்டாரத்தில். ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரையுள்ள எல்லாக் குழந்தைகளையும் மாதாமாதம் தராசில் போட்டார்கள். குழந்தை ஒல்லியா குண்டா என்பதைவிட, போன மாதத்தைவிட ஏறியிருக்கிறதா என்பதையே பார்த்தார்கள். ஏறாமல் நின்றவர்களுக்கு 90 நாள் கூடுதல் சத்துணவு. அதற்குள் எடை ஏறியிருந்தால் நிறுத்திவிடுவார்கள். ஒரே ஒரு நாள் எடை அதிகம் எதையும் சொல்லாது. ஏறும் கோடு தட்டையாவதுதான் செய்தி, மெலிவு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே வந்துவிடும் செய்தி. இன்றும் அங்கன்வாடியில் வளர்ச்சிக் கோட்டை அப்படித்தான் படிக்க வேண்டும்.

இரத்தசோகை தராசில் தெரியாது. 2019–21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. இரும்பு, இரத்தத்துக்கு மட்டுமல்ல, நரம்பிழைகளின் உறை உருவாகவும் தேவை. பெட்ஸி லோசாஃபின் கோஸ்டாரிக்கா ஆய்வு 1991இல் வெளிவந்தது. கைக்குழந்தைப் பருவத்தில் கடுமையான இரும்புக்குறை இருந்து, சிகிச்சையில் இரத்தம் சரியான பிள்ளைகளை ஐந்து வயதில் சோதித்தார்கள். இரத்தம் சரியாகத்தான் இருந்தது. அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கியிருந்தார்கள். வாரம் இருமுறை தரச்சொல்லும் அந்த 1 மி.லி. இரும்புச்சத்து சிரப், ஃபிரிட்ஜ் மேல் மறந்து கிடப்பதைப் பார்க்கும்போது இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும்.

வளர்ச்சித் தாமதத்தைப் பார்ப்பதற்கும் இயந்திரம் தேவையில்லை. திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயர் குழுவினர் உருவாக்கிய அட்டையில் ஒவ்வொரு திறனும் ஒரு கிடைக்கோடு. குழந்தையின் வயதுக்கு நேராகப் பென்சிலைச் செங்குத்தாக வைத்து, அதற்கு இடப்பக்கம் முடிந்துவிட்ட கோடுகளின் திறன்கள் குழந்தைக்கு வந்துவிட்டனவா என்று பார்க்கிறார்கள். சில நிமிட வேலை. மூன்று வயதில் வட்டத்தைப் பார்த்து வரைகிறதா, இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசுகிறதா, அடுத்த வீட்டு ஆளுக்கும் அந்தப் பேச்சு பெரும்பாலும் புரிகிறதா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முகத்தைப் பார்க்கிறதா, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறதா. கடைசி இரண்டும் ஆட்டிசம் பற்றிய கேள்விகளில் முக்கியமானவை.

பெற்றோர் பயப்படுவது இந்த இடத்தில்தான். “ஏதாச்சும் எழுதிட்டா ஸ்கூல்ல சேக்க மாட்டாங்களோ டீச்சர்?” இந்தப் பயத்துக்கு வரலாறும் இருக்கிறது. பாரிஸில் 1905இல் ஆல்ஃபிரட் பினே முதல் அறிவுத்திறன் சோதனையை உருவாக்கியது, வகுப்பில் தடுமாறும் பிள்ளைகளைக் கண்டறிந்து கூடுதலாகக் கற்றுக்கொடுப்பதற்காக. கடல் கடந்து அமெரிக்கா போனதும் அதையே மனிதர்களைத் தரம் பிரிக்கவும் ஒதுக்கவும் பயன்படுத்தினார்கள். நம் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுப்பதைத் தடை செய்கிறது. உடல்நலப் பரிசோதனை அப்படிப்பட்ட தேர்வுக்கு நேரெதிர். அதன் முடிவைக் காட்டி ஒரு குழந்தையை வெளியே நிறுத்துவது குற்றம் என்றே நான் கருதுகிறேன்.

அதோடு, பரிசோதனை தீர்ப்பும் அல்ல. சந்தேகம் என்று அனுப்பப்படுபவர்களில் பலருக்கு எந்தக் குறையும் இருக்காது. அன்று சளி, அன்று தூக்கம், அன்று புது மனிதர்களைக் கண்ட பயம். ஒருவரையும் தவறவிடக்கூடாது என்று வலையை நெருக்கிப் பின்னினால் சில வீண் அலைச்சல்களும் வரத்தான் செய்யும். வில்சனும் யுங்னரும் 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய நெறிகளில் ஒன்று, குறை கண்டறியப்பட்டவருக்குச் சிகிச்சை கொடுக்க வசதி இருக்க வேண்டும் என்பது. நம் பக்கம் சங்கிலி அறுந்துபோவது அங்கேதான். பெத்தானியாபுரத்தில் கூலி வேலைக்குப் போகும் அம்மா, சீட்டை எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய சம்பளம் போச்சு. மறுபடி வரச்சொன்னால் இன்னொரு நாள். மூன்றாவது முறை போகாததற்கு அவரைக் குறைசொல்வது நியாயமில்லை. வண்டி எத்தனை குழந்தைகளைப் பார்த்தது என்ற கணக்கைவிட, அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்ற கணக்கையே கேட்க வேண்டும்.

போய்ச் சேர்ந்துவிட்டால், மிச்ச வேலையில் பாதி பால்வாடி அறையில்தான் நடக்கிறது. காது மந்தமான பிள்ளையைச் சாலைப் பக்கச் சன்னலிலிருந்து தள்ளி, டீச்சரின் உதடு தெரியும் இடத்தில் உட்காரவைக்க வேண்டும். ஒட்டுத்துணி போட்ட பிள்ளையை மற்றவர்கள் கேலி செய்தால் அது நாளைக்கே கழற்றிவிடும். அதனால் எதற்குப் போட்டிருக்கிறது என்று எல்லாருக்கும் சொல்லிவிடும் டீச்சர் பாதி டாக்டர். நாள் முழுவதும் ஒட்டவும் வேண்டியதில்லை. 2003இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நடுத்தர அளவுச் சோம்பல் கண்ணுக்குத் தினம் ஆறு மணி நேரம் ஒட்டியதற்கும் இரண்டு மணி நேரம் ஒட்டியதற்கும் நான்கு மாதத்தில் ஒரே பலன்தான் கிடைத்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரமாவது வண்ணம் தீட்டுவது, மணி கோப்பது போன்ற கிட்டத்து வேலை செய்யச் சொல்லியிருந்தார்கள். பால்வாடியில் காலை நேரம் அப்படித்தானே போகிறது. சிகிச்சை முடிந்த பிறகும் ஒரு வருடத்துக்குள் நான்கில் ஒரு குழந்தைக்குப் பார்வை மறுபடி மங்குகிறது என்று அதே குழுவினர் பிறகு கண்டார்கள். ஒட்டுத்துணியை எடுத்த நாளிலேயே அடுத்துக் கண் பார்க்கவேண்டிய தேதியையும் அட்டையில் எழுதிவிட வேண்டும். அந்த அட்டை பிள்ளையோடு ஒன்றாம் வகுப்புக்கும் போக வேண்டும்.